வந்த நாயை ஏன்யா அடிக்கிறீங்க?

கூப்பிட்டால் நாய் வரவில்லை என்று இனிமேல் யாராவது என்னிடம் வந்து புலம்பினால் ஒன்றுதான் கேட்பேன். கடைசியாக அது வந்து நின்றபோது உங்கள் கையிலிருந்து அதற்குக் கிடைத்தது தீனியா, அடியா?

எங்கள் கறுப்பிக்கு 8 மாதம். நாட்டு நாய். குட்டியாக இருந்தபோது பெயரைச் சொன்னாலே காலைச் சுற்றிக்கொண்டு நின்றவள், இப்போது காதே கேட்காத மாதிரி நடக்கிறாள். இது திமிர் இல்லை, வயசு. நானாகச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2020-ல் சோதித்தே எழுதியிருக்கிறார்கள்: 5 மாதக் குட்டி கேட்கிற அளவுக்கு 8 மாத நாய் வளர்ப்பவர் பேச்சைக் கேட்பதில்லை, அதே 'உட்கார்' என்பதை வெளியாள் சொன்னால் உட்காருகிறது, இது கடந்து போகிற கட்டம்தான் என்று. ஆக, இந்த நேரத்தில்தான் நாம் பொறுமையாக இருக்க வேண்டும். தெருவே சேர்ந்து அதைக் கெடுக்கக் கூடாது.

வேலூர் வெயில் தெரியும் இல்லையா, பத்து மணிக்கு மேல் தார் ரோட்டில் நாயை நிறுத்தினால் பாதம் வெந்துபோகும். அதனால் விடிவதற்குள் எழுந்து, தண்ணீரில்லாத பாலாற்று மணலுக்கு அவளைக் கூட்டிப் போய், நீளமான கயிறு கட்டி, வேகவைத்த கோழி ஈரலைக் கடலை அளவுக்கு நறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு பழக்கினேன். 'வா' என்று ஒரே ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பக் கத்தினால் அது வெறும் சத்தமாகிவிடும். வந்த நொடியில் ஈரல் வாய்க்குள் போக வேண்டும். தின்றதும் மறுபடி ஓட விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் வந்தால் விளையாட்டு முடிந்துவிடும் என்று நினைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் இப்படித்தான்.

நேற்று தண்ணீர் கேன் போடுகிற பையன் கேட்டைச் சரியாகச் சாத்தாமல் போய்விட்டான். கறுப்பி வெளியே. தெருமுனையில் யாரோ கொட்டியிருந்த பிரியாணி எலும்பில் வாய் வைத்துவிட்டாள். நான் கேட்டருகில் நின்று 'கறுப்பி, வா' என்றேன், ஒரே தடவை. எலும்பிலிருந்து தலையைத் தூக்கினாள். காது என் பக்கம் திரும்பியது. முன்னங்கால் ஒன்று எழும்பியும்விட்டது. எலும்பை விட்டுவிட்டு வரப் போகிறாள்! அந்த நேரம் பார்த்து மாடி வீட்டுக்காரர், 'ஏய் கறுப்பி, கம் கம் கம்!' அவர் முடிப்பதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து 'ச்சூ, ச்சூ, போ உள்ள!' ஒருத்தர் கை தட்டுகிறார். ஒரு அக்கா பிஸ்கெட் பாக்கெட்டைக் கசக்கிச் சத்தம் காட்டுகிறார். இரண்டு பையன்கள் பிடிக்கிறேன் பேர்வழி என்று துரத்த ஆரம்பித்துவிட்டார்கள். துரத்தினால் நாய்க்கு அது ஓடிப்பிடித்து விளையாட்டு, இன்னும் வேகமாகத்தான் ஓடும். வா, கம், போ, இந்தா, புடி. இத்தனையில் அந்த ஜீவன் எதைக் கேட்கும்?

நான் கத்தவில்லை. பையன்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவளைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். வந்தாள். அத்தனை பேரையும் தாண்டி, வாலை ஆட்டிக்கொண்டு நேராக வந்து என் முழங்காலில் மூக்கை வைத்தாள். நான் பைக்குள் கையை விடுகிறேன். அதற்குள் எதிர்வீட்டுப் பெரியவர் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வந்து அவள் முதுகில் பளார் என்று ஒன்று வைத்தார். 'இன்னா, கூப்ட்டா வரமாட்டியா நீ?'

வந்துவிட்டாளே ஐயா! வந்து நிற்கிற நாயைப் பார்த்து வரமாட்டியா என்று கேட்டு அடித்தால் அதற்கு என்ன புரியும்? ஓடிப் போனதற்கு இந்த அடி என்று நாய் பின்னோக்கிக் கணக்குப் போடாது. வந்தேன், விழுந்தது. அதற்குத் தெரிவது அவ்வளவுதான்.

கேட்டால், 'நாங்க வளக்காத நாயாப்பா? நாலு வாங்கு வாங்குனா தானா அடங்கும்' என்கிறார். அவர் வீட்டில் இருந்த நாய்கள் எல்லாம் சாகும்வரை சங்கிலியிலேயே கிடந்தவை. அவற்றை எங்கிருந்து எங்கே கூப்பிட்டார் இவர்? அடங்குவது வேறு, நம்பி வருவது வேறு. கொசப்பேட்டையில் இருக்கிற என் மச்சான்கூட இதையேதான் சொல்கிறான், அடிச்சு வளக்கணும்டா என்று. பிள்ளைக்கும் இதே வைத்தியம்தான் இவர்களிடம்.

இன்று காலை மணலில் 'வா' என்றேன். பத்தடி தள்ளி நின்றுவிட்டாள். வால் வயிற்றோடு ஒட்டியிருக்கிறது, உதட்டை நக்குகிறாள், கண்ணில் வெள்ளை தெரிகிறது. என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்க்கிறாள். ஈரலை நீட்டியும் வரவில்லை. எனக்கு வயிறு எரிந்துவிட்டது. அந்தச் சொல் அவ்வளவுதான், போய்விட்டது. இனி ஒரு விசில் வாங்கி, வீட்டுக்கூடத்திலிருந்து மறுபடி முதலில் தொடங்க வேண்டும். தொடங்குவேன். ஆனால் அவள் மேல் இன்னொரு பேப்பர் பட்டால் வயசைப் பார்த்துப் பேச மாட்டேன்.

இதற்கெல்லாம் மூலகாரணம் எங்கள் வீட்டுக் கேட்டின் கொண்டி. அது விழாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது, வந்து பற்றவைத்துக் கொடுங்கள் என்று வெல்டிங் கடைக்காரரிடம் 500 ரூபாய் அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. இன்று போன் போட்டால் 'கரண்ட் இல்லணா, நாளைக்குக் காலைல மொத வேல உங்களுதுதான்' என்கிறார். நான் அவர் கடைக்கு எதிர் டீக்கடையில் நின்றுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். உள்ளே தீப்பொறி பறக்கிறது!