வண்டி ஸ்டாண்டின் சத்தம்

அப்பா டிவிஎஸ் வண்டியை வாசலில் நிறுத்தி ஸ்டாண்டு போடும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு அடி விழுமா விழாதா என்று சொல்லிவிடுவேன். மெதுவாகப் போட்டால் பையில் பன் இருக்கும். டங்கென்று உதைத்தால் நானும் தம்பியும் புத்தகத்தோடு மூலைக்குப் போய்விடுவோம்.

திருப்பூரில் சாயப்பட்டறை வேலை அவருக்கு. நொய்யலில் சாயக்கழிவு கலந்த வழக்கில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்டவை நின்றன. ஆறு பாழானது நிஜம், தீர்ப்பில் எனக்குக் குறையில்லை. ஆனால் சனிக்கிழமைக் கூலியை நம்பியிருந்த எங்கள் வீட்டில் மூன்றாவது மாதம் வண்டியை விற்றோம். அதோடு அந்த எச்சரிக்கையும் போனது. அப்பா சத்தமில்லாமல் நடந்து வந்தார். ரப்பர் தொலைந்தால் பெல்ட், பால் கொட்டினால் பெல்ட். அம்மா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, "கையில காசில்லைன்னா அவருக்குக் கண்ணு தெரியாது சாமி" என்பார். காலில் தழும்பைப் பார்த்த டீச்சர், "நீ என்ன சேட்டை பண்ணினே?" என்று கேட்டார். அடிபடும் பிள்ளைகள் உதவிக்குக் கூப்பிட 1098 என்று ஓர் எண் இருப்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும்.

எதிர்வீட்டு மாமாவுக்கும் அதே பட்டறை, அதே வாரம்தான் வேலை போனது. அங்கேயும் கடன், அடகு, சண்டை எல்லாம் உண்டு. ஆனால் பிள்ளைகள் மேல் கை வைத்ததில்லை. கோபம் வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்துவிட்டு வருவார். அதனாலேயே, "வறுமைதாங்க அடிக்க வைக்குது" என்பவர்களோடும் என்னால் சேர முடியவில்லை, "அவன் குணமே அப்படி" என்று முடித்துவிடுகிறவர்களோடும் சேர முடியவில்லை.

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் கலிஃபோர்னியாவில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி கிளென் எல்டர் என்ற சமூகவியலாளர் எழுதியதைப் படித்தபோது எங்கள் வீட்டுக் கதையைப் படிப்பது போலிருந்தது. வருமானம் பெரிதாகச் சரிந்த வீடுகளில் அப்பாக்கள் சிடுசிடுப்பானார்கள், காரணமில்லாமல் தண்டித்தார்கள். அதிலும் முன்பே முன்கோபிகளாக இருந்தவர்கள்தான் இன்னும் மோசமானார்கள். அப்பாவும் மாமாவும்!

வசதியான வீடுகளில் அடி இல்லை என்று சொல்லவில்லை. அங்கே சுவர் கனம், சத்தம் வெளியே வராது. அவ்வளவுதான்.

அடியாத மாடு படியாது என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். சரி, அப்படியானால் கூலி வந்த வாரம் எங்களைப் படிய வைக்க வேண்டிய அவசியம் ஏன் அப்பாவுக்கு வரவில்லை?

சுபாவத்தை எந்த அரசாங்கமும் மாற்ற முடியாது, பணம் கொடுக்க முடியும். அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலி ஒரு டாலர் உயர்ந்தால், பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டதாக வரும் புகார்கள் ஏறக்குறைய 10 சதவீதம் குறைவதாக 2017இல் ஓர் ஆய்வு வந்தது. மகளிர் உரிமைத் தொகையை ஓசிப் பணம் என்று எழுதுகிற நண்பர்களே, 2011இல் அந்த 1,000 ரூபாய் மாதாமாதம் அம்மா கைக்கு வந்திருந்தால் சில பெல்ட் அடிகளாவது குறைந்திருக்கும் என்பது என் நம்பிக்கை. அதற்காக அப்பாவை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. மாமா நடந்த அதே பஸ் ஸ்டாண்டு அவருக்கும் இருந்தது.

இப்போது நானும் தம்பியும் சம்பாதிக்கிறோம், அப்பாவுக்குக் கடன் இல்லை. கோபம் அப்படியே இருக்கிறது, டிவி செய்தியைப் பார்த்துக் கத்துவார். போன வாரம் என் மகள் அவருடைய மூக்குக் கண்ணாடியை மிதித்து உடைத்துவிட்டாள். சமையலறையில் நான் அப்படியே உறைந்து நின்றேன்.

"போனாப் போகுது, வேற வாங்கிக்கலாம் கண்ணு" என்றார் அப்பா.