மித்ரோகின் எழுதியதை முழுசாகத் திறந்துவிட வேண்டும்

சோவியத் உளவு அமைப்பான கேஜிபியின் ரகசியக் கோப்புகளை யாருக்கும் தெரியாமல் படியெடுத்த வாசிலி மித்ரோகினை "துரோகி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். யாரும் அவரை ஏவவில்லை. எழுதுவதை என்றைக்காவது ஒருவர் படிப்பாரா என்பதே தெரியாது. அப்படியிருந்தும் ஒரு மனிதர் 12 வருடம் உயிரைப் பணயம் வைத்து எதற்காக எழுதிக்கொண்டே இருந்தார் என்று அவர்கள் யோசித்ததுண்டா?

1922இல் ரஷ்யாவின் ரியாசான் பகுதியில் பிறந்தவர். 1948இல் சோவியத் உளவுத்துறையில் சேர்ந்தார். வெளிநாட்டுப் பணிகளில் சோபிக்கவில்லை, 1956 கடைசியில் ஆவணக் காப்பகத்துக்குத் தூக்கிப் போட்டார்கள். அதே வருடம்தான் ஸ்டாலின் காலத்துக் கொடுமைகளை சோவியத் தலைவர் குருஷ்சேவ் கட்சி மாநாட்டில் போட்டு உடைத்தார். 1968இல் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகருக்குள் சோவியத் டாங்கிகள் நுழைந்தது மித்ரோகினை இன்னும் உலுக்கியது. மேற்கே தப்பிப்போன பாலே கலைஞர் ருடால்ஃப் நூரியேவை முடமாக்கப் போட்ட திட்டத்தைக்கூட அவர் கோப்பில் படித்தார். நடனமாடிப் பிழைக்கிற ஒருவனின் காலை உடைக்க ஒரு வல்லரசு உட்கார்ந்து திட்டம் போட்டிருக்கிறது!

1972இல் கேஜிபியின் வெளிநாட்டு உளவுப் பிரிவு, மாஸ்கோவின் லூபியங்கா தலைமையகத்திலிருந்து புறநகரான யாசெனெவோவுக்கு மாறத் தொடங்கியது. சுமார் 3 லட்சம் கோப்புகள். ஒவ்வொன்றையும் சரிபார்த்து முத்திரை வைத்து அனுப்பும் பொறுப்பு மித்ரோகினுடையது. முதலில் பெயர்களையும் விவரங்களையும் மனப்பாடம் செய்து ராத்திரி வீட்டில் எழுதிப் பார்த்தார். அது ஆகிற காரியமில்லை என்று தெரிந்ததும், துண்டுத்தாளில் பொடி எழுத்தில் எழுதி, கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டு, வேலை முடிந்து கிளம்பும்போது எடுத்து ஷூவுக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். காவலர்கள் எப்போதாவது பையைத்தான் திறந்து பார்த்தார்கள், உடம்பைத் தடவிப் பார்க்கவில்லை. கொஞ்சம் தைரியம் வந்த பிறகு சட்டைப்பையிலும் கால்சட்டைப்பையிலும் வைத்தே கொண்டுவந்தார். வாரம் முழுக்க மெத்தைக்கு அடியில் கிடந்த தாள்கள், சனி ஞாயிறில் ஊருக்கு வெளியே இருந்த அவருடைய தாச்சாவுக்கு (ஓய்வுநாள் வீட்டுக்கு) போகும். அங்கே தட்டச்சு செய்து, பால் கேனுக்குள் போட்டு, தரைக்கு அடியில் புதைத்தார். கேன் நிறைந்ததும் தகரப் பெட்டிகள். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு காவலர் பாக்கெட்டில் கை விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும்.

1984இல் இடமாற்றம் முடிந்தது, சீக்கிரமே ஓய்வும் பெற்றார். சோவியத் யூனியன் உடைந்த பிறகு, 1992இல், சக்கரம் வைத்த பெட்டியோடு ரயிலேறி பால்டிக் நாட்டுத் தலைநகர் ஒன்றுக்குப் போனார். மேலே ரொட்டியும் சாசேஜும், அடியில் குறிப்புகள். அமெரிக்கத் தூதரகத்தில் அவரைப் பொருட்படுத்தவில்லை. பிரிட்டிஷ் தூதரகத்தில் ரஷ்ய மொழி தெரிந்த இளம் பெண் அதிகாரி உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, பேசுவதைக் கேட்டார். அந்த வருடம் நவம்பர் 7ஆம் தேதி, அக்டோபர் புரட்சியின் 75ஆம் ஆண்டு நாளில், குடும்பத்தோடு ரஷ்யாவை விட்டு வெளியேறினார்.

அவர் எழுதியதெல்லாம் கற்பனை என்பவர்கள் சுவிட்சர்லாந்துக்குப் போகட்டும். ஃப்ரிபூர் அருகே காட்டில் கேஜிபி பெட்டி புதைத்திருக்கிறது, அதில் கண்ணிவெடி இருக்கிறது என்று அவர் குறிப்பு சொன்னது. போலீஸ் தோண்டித் தண்ணீரைப் பீய்ச்சியதும் வெடித்தது. அமெரிக்காவில், 1960களில் கேஜிபிக்கு ரகசியம் விற்ற ராபர்ட் லிப்காவுக்கு 1997இல் 18 வருடச் சிறை. லண்டன் புறநகரில் மெலிட்டா நார்வுட் என்ற 87 வயதுப் பாட்டி, அணுகுண்டு ஆராய்ச்சி விவரங்களை மாஸ்கோவுக்குக் கொடுத்தவர் என்று 1999இல் வெளியே வந்தது. அவர் மீது வழக்கே போடவில்லை. கையால் எடுத்த குறிப்பு மட்டும் நீதிமன்றத்தில் நிற்காது.

இந்த இடத்தில்தான் இந்தியாவில் நடந்தது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மித்ரோகின் 2004இல் இறந்தார். தன் குறிப்புகளை வைத்து வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் ஆண்ட்ரூவுடன் சேர்ந்து எழுதிய நூலின் இரண்டாவது தொகுதி 2005இல் வந்தது. அதில் இந்தியாவைப் பற்றி நிறைய இருந்தது. அப்போது எதிர்க்கட்சியாக இருந்த பாஜக அதைத் தூக்கிக்கொண்டு வந்தது, காங்கிரஸும் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியும் மறுத்தன, சில வாரச் சத்தத்தோடு போயிற்று. பொறுமையாகப் படித்தவர்கள் எத்தனை பேர்? 1972இல் மட்டும் இந்தியப் பத்திரிகைகளில் 3,789 கட்டுரைகளை வரவைத்ததாக கேஜிபி சொல்லிக்கொண்டது என்று அதில் இருக்கிறது. இந்த எண்ணை யார் எண்ணினார்கள்? டெல்லியில் உட்கார்ந்திருந்த அதிகாரி, மாஸ்கோ மேலதிகாரியிடம் நல்ல பெயர் வாங்க அனுப்பிய கணக்காகவும் இருக்கலாம். தானாக வந்த கட்டுரையையும் தன் கணக்கில் சேர்த்திருக்கலாம். மித்ரோகின் கோப்பில் இருந்ததை எழுதினார். கோப்பில் இருந்தது உண்மையா என்பது அடுத்த வேலை. அந்த வேலையை நாம் செய்யவே இல்லை. அந்த வருடத்துப் பத்திரிகைகள் நூலகங்களில் கிடக்கின்றன, எடுத்து வைத்து ஒப்பிட்டால் எவ்வளவோ தெரியவரும்.

கேம்பிரிட்ஜில் உள்ள சர்ச்சில் ஆவண மையம் 2014இல் அவருடைய தாள்களைத் திறந்தது. 33 பெட்டிகளில் 19 மட்டும்தான், அதுவும் அவர் பிற்பாடு தட்டச்சு செய்த ரஷ்யப் பிரதிகள். ஷூவில் வைத்துக் கடத்திய கையெழுத்துக் குறிப்புகளைப் பொதுவில் வைக்கவில்லை. கேஜிபி பூட்டி வைத்ததை மக்கள் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர் எல்லாவற்றையும் துறந்தார். அதை பிரிட்டிஷ் உளவுத்துறை வாங்கிப் பூட்டி வைப்பது அவருக்குச் செய்கிற அநியாயம். உயிரோடு இருப்பவர்களின் பாதுகாப்புக்காகச் சில பெயர்களை மறைக்க வேண்டுமென்றால் மறைக்கட்டும். மற்றதை வெளியிடட்டும். அதைவிட முக்கியம், யாசெனெவோவில் இருக்கும் மூலக் கோப்புகளை ரஷ்யா திறக்க வேண்டும். அவற்றோடு வரிக்கு வரி வைத்துப் பார்த்தால்தான் அவர் எடுத்த படி எவ்வளவு சரி என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரியும். அவரைத் துரோகி என்கிறவர்களும் என்னோடு சேர்ந்து இதைக் கேட்கலாம்.