"ஏழைகள் எப்பவும் இருப்பாங்க" என்டு சொல்லித் தப்ப ஏலாது

எங்கட திருகோணமலையில கோயில் ஆக்களோட வறுமையப் பத்திக் கதைக்கத் தொடங்கினா, ஏழைகள் எப்பவும் உங்களோட இருப்பாங்க என்டு யேசுவே சொல்லியிருக்கார்தானே, பிறகு எதுக்கு சோஷலிசம் கம்யூனிசம் என்டு அரசியலக் கொண்டாறீங்க என்டு ஒராள் கேட்டுருவார். எனக்கு உண்மையிலேயே கோவம் வருது. அந்த வசனத்துக்கு வேர் பைபிள்ல பழைய ஏற்பாட்டு இணைச்சட்டம் 15ம் அதிகாரத்துல இருக்கு, அத முதல் வரியில இருந்து வாசிங்க. ஏழு வருசத்துக்கு ஒருக்கா கடன விட்டுறணும் என்டுதான் தொடங்குது, 4ம் வசனத்துல உங்களுக்குள்ள ஏழையே இருக்கப்படாது என்டு வருது, ஏழாம் வருசம் கிட்டுது என்டு பார்த்து கடன் குடுக்காம விடாத என்டு கூட எச்சரிக்கை இருக்கு, அதுக்குப் பிறகுதான் 11ல ஏழைகள் இல்லாமப் போகமாட்டாங்க, அதனால கையத் திற என்டு சொல்லுது. திருத்தூதர் பணிகள் 4ல முதல் கிறிஸ்தவங்க காணி வீட்ட வித்துப் பகிர்ந்தாங்க, அவங்களுக்குள்ள இல்லாதவங்க என்டு ஒருத்தரும் இருக்கேல்ல என்டு வாறதும் இதே சட்டத்திட எதிரொலிதான்.

கடன் என்டா எங்கட பக்கத்துல என்ன என்டு எல்லாருக்கும் தெரியும். யுத்தத்துல புருசன இழந்த பொம்பிளைகள் குழு லோன் எடுத்து, கிழமைக்குக் கிழமை கட்டுக்காசு கட்ட ஏலாம, அத அடைக்க இன்னொரு லோன் எடுத்து, கடைசியில லோன்காரன் வாற நாளில வீட்டப் பூட்டிட்டு ஒளிச்சிருக்கிறாங்க. 2018ல அரசாங்கம் நுண்கடன் வட்டிக்கு 35 சதவீதம் என்டு உச்ச வரம்பு போட்டது. உச்ச வரம்பே 35 என்டா அதுக்கு முந்தி எவ்வளவு உறிஞ்சியிருப்பாங்கள்?

நெகேமியா 5ல இதே கதைதான். சனங்கள் வயலையும் வீட்டையும் ஈடு வச்சு, பிள்ளைகளையும் அடிமையாக் குடுத்துட்டு அழுறாங்க. ஆளுநரா இருந்த நெகேமியா உலருணவுப் பொதி குடுத்து அனுப்பேல்ல, பெரிய மனுசர சபையில நிப்பாட்டி வயலையும் வீட்டையும் வட்டியையும் திருப்பிக் குடுக்க வச்சார்.

பாப்பரசர் 13ம் லியோ 1891ல சோஷலிசம் பிழை என்டுதான் எழுதினார், அத மறைக்கத் தேவையில்ல, ஆனா அதே சுற்றுமடல்ல நியாயமான கூலியும் தொழிலாளி சங்கம் சேருற உரிமையும் வேணும் என்டும் எழுதினார். மார்க்ஸ் கடவுள வேண்டாம் என்டவர், அதுல நான் அவரோட இல்ல. ஆனா ஒருத்தன் ஏன் ஏழையானான் என்ட கேள்வி மார்க்ஸுக்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முந்தியே பைபிள்ல இருக்கு. எங்கட நாட்டுலயே மைக்கல் ரொட்ரிகோ அடிகளார் மொனராகலை மாவட்டத்துல புத்தல (Buttala) பக்கம் ஏழை விவசாயிகளோட இருந்து இந்தக் கேள்வியக் கேட்டவர், 1987 நவம்பர்ல பூசை வச்ச இடத்துலயே சுட்டுக் கொன்டாங்கள்.

இந்தத் தவக்காலத்துல பொதி குடுக்கிறத நிப்பாட்டச் சொல்லேல்ல. அதோட ஒவ்வொரு கோயில் பங்குலயும் கடன் கணக்குப் பார்க்க ஒரு நாள் வைங்க. பாங்கில வேலை செய்யுற பிள்ளைகள் எல்லாப் பங்குலயும் இருக்காங்க, அந்த அக்காமாரிட லோன் புத்தகத்த வாங்கி எவ்வளவு கட்டியாச்சு, அதுல வட்டி எவ்வளவு என்டு எழுதிக் குடுக்கட்டும், உண்டியல் காசுல ஒரு பங்க வட்டியில்லாக் கடனுக்கு ஒதுக்கட்டும். பாலையூற்று, உப்புவெளிப் பக்கம் இதுக்கு வரக்கூடிய ஆக்கள் இன்பொக்ஸ்ல சொல்லுங்க, ஃபாதர்மாரோட சேர்ந்தே போய்க் கதைப்பம்.