‘நாயக்கர் காலம்’ என்று குறித்தால்தான் மதிப்பெண்

சென்ற ஞாயிறன்று அண்ணன் மகளுடன் சேலத்தை அடுத்த தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போயிருந்தேன். ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவள், குதிரைவீரர் தூண்களை நிமிர்ந்து பார்த்ததும், “நாயக்கர் காலம், சித்தப்பா” என்றாள். எடுப்பித்தவர்கள் கட்டி முதலிகள் அல்லவா என்றேன். “நாயக்கர் காலம் என்று குறித்தால்தான் மதிப்பெண்” என்று பதில் வந்தது.

அவள் சொன்னதில் பிழையில்லை. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இப்பகுதியை ஆண்ட கட்டி முதலிகள் மதுரை நாயக்கருக்கு அடங்கியவர்கள். குதிரைவீரர் தூணும் அக்காலத்தின் பொதுவழக்குதான். ஆனால் விதானத்துத் தாமரையைச் சுற்றித் தொற்றியிருக்கும் கிளிகளின் மேல் மதுரையின் பெயரை ஒட்டியதும், இவ்வூரில் இதை யார், எதற்காகச் செய்தார்கள் என்ற கேள்வியையே விட்டுவிடுகிறோம்.

இலக்கிய வரலாற்றிலும் இதே கதைதான். சங்க காலத்துக்குப் புலவர் அவையின் பெயர், பக்தி காலத்துக்குப் பாடுபொருளின் பெயர், சோழர் காலத்துக்கும் நாயக்கர் காலத்துக்கும் அரச மரபின் பெயர். ஒரே துணியைச் சாணாலும் முழத்தாலும் கெஜத்தாலும் மாற்றி மாற்றி அளந்துவிட்டு, கணக்கு சரியாக இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறோம்.

இந்த அளவைக்கே நம் ஊர்க்காரர் ஒருவர் காரணமாக இருந்திருக்கிறார் என்பதில் எனக்குச் சற்றுப் பெருமை உண்டு. 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், தம்மைக் காண வந்த உ.வே.சாமிநாதையரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா என்று ஐயர் அடுக்கிய பட்டியல் முதலியாரை அசைக்கவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து 1887இல் சிந்தாமணியும், 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் அச்சேறின. மூன்று சங்கங்களின் கதை இறையனார் களவியல் உரையில் முன்பே இருந்தது; ஆனால் பாட்டுகள் பரவலாகக் கைக்கு வந்த பிறகுதான் சங்க காலம் என்பது படிக்கத்தக்க ஒரு காலமாயிற்று.

அதற்கு நாம் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். ஐயர் மாணவராக இருந்தபோது தமிழ்ப் படிப்பின் பெரும்பகுதியாக விளங்கிய உலாவும் கலம்பகமும் இன்று ‘சிற்றிலக்கியம்’ என்ற பெயரில் பாடநூலின் ஒரு மூலையில் கிடக்கின்றன. பழையது கிடைத்ததால் இடையில் இருந்தது சிறுத்தது. நாயக்கர் காலம் என்றதும் சரிவுக் காலம் என்று நம் வாய் தானாகச் சொல்வது, அந்த நூல்களைப் படித்துப் பார்த்ததன் விளைவு அன்று.

காலத்தின் பெயர் பின்னால் வந்தவர்கள் இட்டது; இலக்கிய இயக்கம் வேறு வகை. அது தன் பெயரைத் தானே அறிவித்துக்கொள்ளும். எனினும் ந.பிச்சமூர்த்தி 1934இலேயே யாப்பை விட்டுக் கவிதை எழுதியிருக்க, 1959இல் சி.சு.செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழ் வந்து வாதாடிய பிறகே புதுக்கவிதை ஓர் இயக்கமாக எண்ணப்பட்டது. எழுதப்பட்ட ஆண்டைவிட, அதற்காகச் சண்டையிட்ட ஆண்டே இயக்கத்தின் பிறந்தநாளாகிறது.

திரும்பும் பேருந்தில், “நாயக்கர் காலம், கட்டி முதலிகள் திருப்பணி, தாரமங்கலம் என்று மூன்றையும் சேர்த்து எழுதினால் என்ன?” என்று கேட்டேன்.

“எழுதுவதற்கு எங்கே இடம்? விடைத்தாளில் நான்கு வட்டங்கள்தான் இருக்கும், சித்தப்பா” என்றாள்.