கூந்தன்குளத்துக் கூடுகள் யாருடையவை?

அண்ணாச்சி, திருநெல்வேலி மாவட்டத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்தில் கூடு கட்டுவதெல்லாம் சைபீரியப் பறவைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. அங்கே குஞ்சு பொரிப்பவை மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா போன்ற நம் நாட்டுப் பறவைகள். வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டி வருவது உண்மை. ஆனால் குளிர்காலத்தைக் கழிக்கத்தான் வருகிறது. முட்டையிடுவது மத்திய ஆசிய மேட்டுநிலங்களில்.

"அரசு அறிவித்த பிறகே பாதுகாப்பு" என்பதும் தலைகீழ். சரணாலய அறிவிப்பு 1994-இல் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே ஊர்க்காரர்கள் வேட்டையைத் தடுத்தார்கள், தீபாவளிக்கு வெடியையும் தவிர்த்தார்கள். வீட்டு முற்றத்து மரத்திலேயே நாரை கூடு கட்டுகிறது. எச்ச நாற்றத்தைச் சகிப்பது அவர்கள்தானே! அந்த எச்சம் கரைந்த குளத்து நீர்தான் வயலுக்கு உரமாகவும் போகிறது.