மார்னரை விட்டது 2025 ஜூனில் இல்லை

2025 ஓகஸ்ட் பிறந்தும், ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி அணியை விட்டு வேகஸுக்குப் போன நட்சத்திரம் மிச் மார்னர் மேல் எங்கட ஆக்களுக்குக் கோபம் ஆறவில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் இன்னும் அதே பாட்டுத்தான். "காசுக்குப் போனவன்." "ஏழாவது மட்சில ஆளைக் காணேல்லை, 12 மில்லியன் மட்டும் கேக்குது." அதுவும் மார்க்கத்தில் பிறந்த பெடியன் என்பதால் கோபம் இரட்டிப்பு. நானும் லீஃப்ஸ் காய்ச்சல் பிடித்தவன்தான். மே 18 இரவு, தொடரின் ஏழாவதும் கடைசியுமான ஆட்டத்தில், புளோரிடாவிடம் சொந்த அரங்கில் 6-1 என்று தோற்றபோது என் வாயிலிருந்து வந்தவற்றை இங்கே எழுத முடியாது. ஆனால் இந்தத் திட்டு தவறான விலாசத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஏன் என்று கொஞ்சம் நீட்டி எழுதப் போகிறேன். ஹொக்கி பிடிக்காதவர்கள் இந்த இடத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களுக்காக ஒரு வார்த்தை. 2004-05இல் என்எச்எல் லீக்கின் பருவம் முழுவதையும் பூட்டிப்போட்டுச் சண்டை பிடித்து உரிமையாளர்கள் வாங்கியெடுத்ததுதான் சலரி கேப், சம்பள உச்சவரம்பு. முதல் வருடம் 39 மில்லியன் அமெரிக்க டொலர். 2025-26 பருவத்துக்கு 95.5 மில்லியன். காசு கொட்டும் ரொறன்ரோவுக்கும் அரங்கை நிரப்பத் திண்டாடும் அணிக்கும் ஒரே வரம்பு. இதற்குள்தான் 23 பேரை வைத்திருக்க வேண்டும். அதனால் ஒரு நட்சத்திரம் ஒரு மில்லியனைக் குறைத்து வாங்கினால் அது மூன்றாவது வரிசையில் விளையாடும் ஒருவனை வாங்கப் பயன்படும். ரசிகர்கள் வீரர்களின் சம்பளத்தைத் தங்கள் வீட்டுக் காசு மாதிரிக் கதைப்பதும் இதனால்தான்.

இப்போது பழைய கதைக்கு வருவோம். 2018 ஜூலை 1 அன்று ஜோன் தவாரஸ் ஏழு வருடத்துக்கு 77 மில்லியன் என்று கையெழுத்திட்டார். சின்ன வயதில் லீஃப்ஸ் படுக்கை விரிப்புக்குள் தூங்கும் படத்தை அவர் போட்டதும் நகரமே உருகியது. அந்த டிசம்பரில் நைலாண்டர், அடுத்த பெப்ரவரியில் மத்தியூஸ், செப்டம்பரில் மார்னர் என்று அணியின் மற்ற நட்சத்திரங்களும் வரிசையாகப் புதிய ஒப்பந்தம் எழுதினார்கள். 2019-20 பருவத்தில் இந்த நான்கு முன்கள வீரர்களின் கணக்கு மட்டும் சுமார் 40.5 மில்லியன். அன்றைய உச்சவரம்பு 81.5. பாதிக் காசு நான்கு பேருக்கு, மிச்சப் பாதியில் 19 பேர்!

அந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருந்தது. உச்சவரம்பு வருடா வருடம் ஏறும், நான்கு வருடத்தில் இந்தப் பாதி மூன்றில் ஒன்றாகிவிடும் என்று நினைத்தார்கள். கொரோனா வந்தது. 81.5 மூன்று பருவம் அசையாமல் நின்றது. பிறகும் வருடத்துக்கு ஒரு மில்லியன் என்று ஊர்ந்தது. கொரோனாவை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது, அதற்காக அப்போதைய பொது மேலாளர் கைல் டூபஸைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நெருக்கடியின் செலவு எங்கே விழுந்தது என்று பாருங்கள். மூத்த வீரர் மார்லோவின் 6.25 மில்லியனைக் கழற்றுவதற்காகக் கரோலைனாவுக்கு ஒரு முதல் சுற்றுத் தேர்வை, அதாவது இளம் வீரர்களைத் தெரிவு செய்யும் டிராஃப்டில் ஒரு முறையை, கையோடு கொடுத்தனுப்பினோம். அவர்கள் அதில் எடுத்த பெடியன்தான் செத் ஜார்விஸ். 2021இல் சாக் ஹைமனைப் பிடித்து வைக்க இடம் இல்லை. ரொறன்ரோவில் பிறந்து, மூலைக்குள் புகுந்து பக்கை (ஹொக்கியின் ரப்பர் வட்டை) எடுத்து வந்து, அடியும் வாங்கி, அலுக்காமல் ஓடிய ஆள். எட்மன்டன் வருடத்துக்கு 5.5 மில்லியன் என்று ஏழு வருடம் கொடுத்தது. 2023-24இல் அங்கே 54 கோல் போட்டார். ஹைமன் போன அன்று எனக்கு வந்த துக்கத்தில் கால்வாசிகூட மார்னர் போனபோது வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்த இடம் 2019உம் இல்லை, 2021உம் இல்லை. 2023 ஜூன்.

அந்த வசந்தத்தில்தான் டாம்பாவை ஆறு ஆட்டத்தில் வென்று, 2004க்குப் பிறகு முதல் தடவையாக ஒரு பிளேஓஃப் (கிண்ணத்துக்கான இறுதித் தொடர்கள்) சுற்றைத் தாண்டினோம். பிறகு புளோரிடாவிடம் ஐந்து ஆட்டத்தில் சுருண்டோம். மே 19 அன்று அணித் தலைவர் ஷனஹான் டூபஸை வீட்டுக்கு அனுப்பினார். மே மாதம் முடிகிற நேரத்தில் பிராட் ட்ரெலிவிங் வந்து பொது மேலாளர் கதிரையில் உட்கார்ந்தார். ஜூலை 1 அன்று மார்னரின் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வரி உயிர்பெற்றது. அவர் சம்மதிக்காமல் அவரை எங்கேயும் அனுப்ப முடியாது என்ற வரி. நோ-மூவ் கிளோஸ் என்று எல்லோரும் சொல்வார்களே, அதுதான்.

ஒரே ஒரு மாதம். மார்னருக்கு 26 வயது, ஒப்பந்தத்தில் இரண்டு வருடம் மிச்சம், பிளேஓஃப் தோல்வியால் பெயர் கொஞ்சம் மங்கியிருந்தாலும் லீக்கில் எந்த அணியும் கை நீட்டி வாங்கக்கூடிய வீரன். அன்று விற்றிருந்தால் ஒரு நல்ல பாதுகாப்பு வீரர், ஓர் இளம் முன்கள வீரர், ஒரு முதல் சுற்றுத் தேர்வு என்றாவது கேட்டிருக்கலாம். விற்க விருப்பமில்லையா, அப்படியென்றால் இவன் எங்கள் ஆள் என்று முடிவெடுத்து, 2024 ஜூலை 1 அன்று புதிய ஒப்பந்தத்துக்குக் கதவு திறந்த அந்தக் கோடையிலேயே எழுதி முடித்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. அந்த 2023 ஜூன் முடிவதற்குள் கழகம் உறுதியாகச் செய்த ஒரு காரியம், நான்காவது வரிசை டேவிட் காம்ஃபுக்கு நான்கு வருடம், வருடத்துக்கு 2.4 மில்லியன் எழுதிக் கொடுத்தது. பெரிய கேள்வி மேசையில் கிடக்கச் சின்னக் கேள்விக்குப் பதில் எழுதினார்கள்.

அந்தச் சின்னப் பதிலும் பிறகு கடித்தது. காம்ஃபைத் தேவையில்லை என்று மைனர் லீக்குக்கு அனுப்பினால் காசு முழுக்கக் கழியாது. 2025-26இல் லீக்கின் அடிமட்டச் சம்பளம் 775,000, அதோடு 375,000 சேர்த்து 1.15 மில்லியன் மட்டும்தான் கணக்கிலிருந்து இறங்கும். மிச்சம் 1.25 மில்லியன், ஆளே இல்லாமல், அணியின் கணக்கில் குந்திக்கொண்டிருக்கும். கிட்டத்தட்ட ஒன்றரை அடிமட்டச் சம்பளக்காரரின் இடம் அது. உச்சவரம்பு உலகத்தில் அணிகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்ன ஓட்டைகளால்தான் ஒழுகுகின்றன.

2025 மார்ச்சில் கரோலைனாவின் நட்சத்திரம் ரன்ரனனுக்குப் பதிலாகப் போகச் சம்மதமா என்று மார்னரைக் கேட்டதாகவும் அவர் மறுத்ததாகவும் செய்தி வந்தது. அதையும் துரோகக் கணக்கில் எழுதுகிறார்கள். அவருடைய ஒப்பந்தத்தில் அவருக்குக் கொடுத்த உரிமையை அவர் பாவித்தார். கொடுத்தது யார்?

இரண்டு வருடம் கழித்து, 2025 ஜூன் 30 அன்று, மார்னரை எட்டு வருடம் 96 மில்லியன் என்று நாங்களே எழுதி, அந்தத் தாளோடு வேகஸுக்கு அனுப்பினோம். அவர் தானாகச் சந்தைக்குப் போயிருந்தால் வேகஸ் ஏழு வருடம்தான் கொடுத்திருக்க முடியும். எட்டாவது வருடம் அப்போது சொந்த அணிக்கு மட்டும் இருந்த சலுகை. அந்த எட்டாவது வருடத்தின் விலையாக நிக்கொலா ருவா கிடைத்தார். வெறுங்கையோடு நிற்பதற்கு அது எவ்வளவோ மேல், அதற்கு ட்ரெலிவிங்குக்கு ஒரு சபாஷ். ஆனால் 2024-25இல் 102 புள்ளி (கோலும் கோலுக்கான உதவியும் சேர்ந்தது) எடுத்த ஒருவனுக்குப் பதில் ஒரு மூன்றாவது வரிசை சென்டர் என்பதை மறக்க வேண்டாம். வேகஸ் உச்சவரம்புக்குள் இடத்துக்கு என்ன செய்தது என்று கேட்பவர்களுக்கு: அவர்களின் பாதுகாப்பு வீரர் பியெட்ராஞ்சலோ இடுப்புக் காயத்தோடு விலகி நிற்க, அவருடைய 8.8 மில்லியன் நீண்டகாலக் காயக்காரர் கணக்குக்குப் போனது, அந்த அளவுக்கு வரம்பைத் தாண்டலாம். அவர்களுக்கு எப்போதும் எங்கிருந்தோ இடம் கிடைத்துவிடும்!

ஜூலை 1, கனடா நாள். ஸ்காபரோவில் மச்சான் வீட்டுப் பின்வளவில் பார்பிக்யூ. கோழிக்காலைத் திருப்பிக்கொண்டே மச்சான் கேட்டார்: "இப்ப 11 மில்லியன் கிடக்குதெல்லே, ஆரை எடுக்கப் போறாங்கள்?" மருமகன் போனிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னான்: "ஒருத்தரும் இல்லை மாமா. பெனட் புளோரிடாவோட நிண்டிட்டான். மார்ஷண்டும் நிண்டிட்டான். எக்பிளாடும். எஹ்லர்ஸ் மட்டும்தான் மிச்சம்." சந்தைக்கு வருவார்கள் என்று எல்லோரும் காத்திருந்த பெரிய பெயர்கள் இவர்கள்தான். இரண்டு நாள் கழித்து எஹ்லர்ஸும் கரோலைனாவுக்கு 8.5 மில்லியன் என்று போய்விட்டார். மச்சான் கேட்ட கேள்விதான் இந்தக் கோடை முழுக்க எல்லோரும் கேட்ட கேள்வி. மருமகன் சொன்னதுதான் பதில்.

மார்னர் போனால் இடம் கிடைக்கும் என்று வருடக்கணக்காகச் சொன்னவர்கள் இதை யோசிக்கவில்லை. உச்சவரம்பு 88இல் இருந்து 95.5க்கு ஏறியபோது எங்களுக்கு மட்டும் ஏறவில்லை. 32 அணிக்கும் ஏறியது. 2026-27க்கு 104, 2027-28க்கு 113.5 என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள். தெருவில் எல்லோருக்கும் ஒரே நாளில் சம்பளம் கூடினால் மார்க்கத்தில் வீடு மலிவாகுமா? எல்லா அணியும் தன் ஆட்களைப் பிடித்து வைத்துக்கொண்டது, சந்தை வெறிச்சோடியது. காலி இடம் கோல் போடாது.

மார்னர் பேராசைக்காரன் என்பவர்கள் இதையும் போட்டுப் பாருங்கள். 2019இல் அவர் வாங்கிய சுமார் 10.9 மில்லியன் அன்றைய உச்சவரம்பில் 13 சதவீதத்துக்கு மேல். வேகஸில் வாங்கும் 12 மில்லியன், 95.5இல் 12.6 சதவீதம். 2026-27இன் 104இல் பதினொன்றரை. டொலர் கூடியிருக்கிறது, பங்கு குறைந்திருக்கிறது.

சரி, அந்த 10.9 மில்லியனுக்கு என்ன வந்தது? ருவா 3 மில்லியன், மச்செல்லி 3.425, டகோட்டா ஜோஷுவா 3.25, கூடவே ஸ்டீவன் லொரென்ஸுக்குப் புதிய ஒப்பந்தம் 1.35. கூட்டினால் 11 மில்லியன் சொச்சம். ஏறத்தாழ ஒரு மார்னருக்கு நாலு பேர். ருவா 2023இல் வேகஸோடும், லொரென்ஸ் 2024இல் புளோரிடாவோடும் கிண்ணம் தூக்கியவர்கள். ஜோஷுவாவை 2014இல் தேர்வு செய்ததே லீஃப்ஸ்தான். இந்த மூவரும் உயரமும் பாரமும் உள்ள, மூலையில் இடிபடப் பயமில்லாத ஆட்கள். 2025இல் பயிற்சியாளராக இருந்த பெருபே கேட்ட ஹொக்கிக்குப் பொருந்துவார்கள். நாலில் எனக்கு ஆவலைக் கிளப்புவது மச்செல்லிதான். 2023-24இல் அரிசோனாவில் 57 புள்ளி எடுத்தவர், 2024-25இல் யூட்டாவில் 18க்கு விழுந்தார். அந்த 57இன் பாதியாவது திரும்பி வந்தால் லாபம். ஆனால் மத்தியூஸின் வலது பக்கத்தில் பக்கைப் பிடித்து, இரண்டு பேரைத் தன்மேல் இழுத்து, மூன்றாவது ஆளுக்கு வெறும் வலையைத் திறந்து கொடுக்கும் அந்த வேலையை இந்த நாலு பேரும் சேர்ந்தும் செய்ய மாட்டார்கள். அதை ஒருவர்தான் செய்ய முடியும், அவர் நெவாடாவில் இருக்கிறார்.

வரியைப் பற்றி ஒரு வரி. ஒன்ராறியோவில் உச்ச வரி 53.53 சதவீதம், நெவாடாவிலும் புளோரிடாவிலும் மாநில வருமான வரியே இல்லை, அதனால்தான் நாங்கள் தோற்கிறோம் என்கிறார்கள். கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் புளோரிடா வருடக்கணக்கில் கடைசியில் கிடந்தபோதும் அங்கே அந்த வரி இல்லைத்தான். சம்பளத்தின் பெரும்பகுதியைக் கையெழுத்துப் போனஸாக ஜூலை 1 அன்றே கொடுக்கும் பணபலம் ரொறன்ரோவுக்கு இருக்கிறது, அதைப் பாவித்தும் இருக்கிறோம். வரி ஒரு சாட்டு.

இந்தக் கோடையில் எனக்கு உண்மையாகப் பிடித்தது தவாரஸ் ஒப்பந்தம். 38 கோல் போட்ட பருவத்துக்குப் பிறகு, 34 வயதில், 11 மில்லியனிலிருந்து வருடத்துக்கு 4.4 மில்லியனுக்கும் கீழே இறங்கி நான்கு வருடத்துக்குக் கையெழுத்திட்டார். நான்காவது வருடம் கால் ஓடுமா என்பது வேறு கேள்வி. இந்த விலைக்கு அந்தக் கேள்வியைத் தாங்கலாம். இளம் முன்கள வீரர் நைஸுக்கு ஆறு வருடம், வருடத்துக்கு 7.75 மில்லியன் கொடுத்ததும் சரி. 29 கோல் போட்ட 22 வயதுக்காரனை இழுபறியில் விட்டிருந்தால் வேறு அணி ஒன்று ஓஃபர் ஷீட்டோடு (அடுத்த அணியின் இளம் வீரருக்கு நீட்டும் ஒப்பந்தத் தாள்) கதவைத் தட்டியிருக்கும். 2024இல் சென். லூயிஸ் அப்படித்தான் எட்மன்டனிடமிருந்து புரோபெர்க், ஹொலொவே இரண்டு பேரையும் ஒரே வீச்சில் தூக்கியது. இடமில்லாத எட்மன்டன் பார்த்துக்கொண்டிருந்தது.

2025-26 சம்பளக் கணக்கில் மேலே இருக்கும் நாலு முன்கள வீரர்கள் மத்தியூஸ் 13.25, நைலாண்டர் 11.5, நைஸ் 7.75, தவாரஸ் 4.4. உச்சவரம்பில் 40 சதவீதத்துக்கும் கீழே. 2019இன் பாதிக் கணக்கோடு ஒப்பிட்டால் ஆரோக்கியம்தான். ஆனால் இந்த ஆரோக்கியத்துக்கு நாங்கள் கொடுத்தது ஒரு மார்னர், வாங்கியது ஒரு ருவா. இரண்டு வருடம் முன்பே முடிவெடுத்திருந்தால் இதே கணக்குக்கு இன்னும் இரண்டு மூன்று நல்ல வீரர்கள் கூடவே வந்திருப்பார்கள்.

அதனால் வேகஸ் இங்கே ஆட வரும் நாளில் கூச்சல் போட விரும்புகிறவர்கள் போடுங்கள், ரிக்கெற் உங்கள் காசு. நான் போட மாட்டேன். என் கண் மத்தியூஸின் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அது 2028 கோடையில் முடிகிறது, 2027 ஜூலை 1 முதல் அவரோடு புதிதாக எழுதலாம். அவரையும் அவர் சம்மதம் இல்லாமல் எங்கும் அனுப்ப முடியாது. ஷனஹான் 2025 மே மாதத்தோடு போய்விட்டார், அதன் பிறகு பொறுப்பு முழுக்க ட்ரெலிவிங் தலையில் விழுந்தது. அவரிடம் பத்திரிகையாளர்கள் மார்னரைப் பற்றி இன்னொரு தடவை கேட்கத் தேவையில்லை. மத்தியூஸோடு எப்போது உட்காரப் போகிறீர்கள், அவர் தலையை ஆட்டாவிட்டால் அடுத்த நாள் என்ன செய்வதாக இருக்கிறீர்கள் என்று 2025 செப்டம்பர் பயிற்சி முகாமிலேயே கேட்கத் தொடங்கட்டும்.