கவர்னர் இல்லாமல் நடந்த காலனி

பிரிட்டிஷ் ஆதிக்கம் என்றதும் நாம் கவர்னரையும் கலெக்டரையும் தேடுகிறோம். இருவருமே இல்லாத அர்ஜென்டினாவை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்த்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

1806-லும் 1807-லும் புவெனஸ் அய்ரஸைப் பிடிக்க வந்த பிரிட்டிஷ் படை, ஊர் மக்களிடம் உதை வாங்கித் திரும்பியது. 1824-இல் படை வரவில்லை, லண்டன் பேரிங் பிரதர்ஸ் வங்கியின் 10 லட்சம் பவுன் கடன் வந்தது. சில ஆண்டுகளிலேயே வட்டி கட்டுவது நின்றுபோனது. பாக்கி பல பத்தாண்டுகள் இழுத்தது.

எனக்கு ஆறாத விஷயம் ரயில். அடிமை நாடான இந்தியாவில் பிரிட்டிஷ் ரயில் கம்பெனிகளுக்குப் பொதுவாக 5 சதவீத லாபம் அரசு உத்தரவாதம். அநியாயம் என்று தாதாபாய் நவ்ரோஜி காலத்திலிருந்து பேசுகிறோம். சுதந்திர நாடான அர்ஜென்டினாவோ, 1863-இல் ரொசாரியோ–கோர்டோபா நகரங்களை இணைக்கும் பாதைக்கு 7 சதவீதம் எழுதிக் கொடுத்தது! போதாதென்று, பாதையின் இருபுறமும் சுமார் 5 கிலோமீட்டர் அகலத்துக்கு நிலமும் தானம். யாரும் துப்பாக்கி நீட்டவில்லை. ரயில் வந்தால் பண்ணை நிலத்தின் விலை ஏறும் என்று தெரிந்த உள்ளூர்ப் பெருநிலக்காரர்களின் ஆட்சி அது. பெரும்பாலான தண்டவாளங்கள் துறைமுகத்தை நோக்கியே ஓடின. கோதுமையும் மாட்டிறைச்சியும் கப்பலேறின, பிரிட்டனிலிருந்து நிலக்கரி இறங்கியது.

கால்பந்தும் அப்படி வந்ததுதான். ஸ்காட்லாந்து ஆசிரியர் அலெக்சாண்டர் வாட்சன் ஹட்டன் அங்கே அதை வளர்த்தார். ரிவர் பிளேட், ரேசிங் என்று கிளப் பெயர்கள் இன்றும் ஆங்கிலத்தில்தான். ஆனால் ஆட்டத்தை அவர்கள் தமதாக்கிக்கொண்டார்கள். ரயிலை அப்படி ஆக்கிக்கொள்ள முடியவில்லை.

1932-இல் ஒட்டாவா மாநாட்டில், சாம்ராஜ்யத்துக்குள் இருக்கும் நாடுகளுக்கே வணிகச் சலுகை என்று பிரிட்டன் முடிவெடுத்தது. இறைச்சி விற்காமல் போய்விடுமோ என்று அர்ஜென்டினா பதறியது. துணை ஜனாதிபதி ஹூலியோ ரோக்கா லண்டனுக்கே போனார். பொருளாதார நோக்கில் தம் நாடு பிரிட்டனின் ஒரு பகுதி என்ற பொருள்படப் பேசவும் செய்தார். 1933 ஒப்பந்தத்தின்படி, பிரிட்டன் வாங்கும் இறைச்சியில் 85 சதவீதம் வெளிநாட்டு நிறுவனங்கள் வழியாகவே போகும். பிரிட்டிஷ் நிலக்கரிக்கு வரி கிடையாது. மாடு வளர்த்தவனுக்கு என்ன மிஞ்சியது என்று செனட்டில் கேட்டவர் லிசாந்திரோ தெ லா தொர்ரே. விசாரணையில் ஒரு பிரிட்டிஷ் இறைச்சி நிறுவனத்தின் கணக்கு ஆவணங்கள் கப்பலில், மாட்டிறைச்சிப் பெட்டிகள் என்ற பெயரில் சிக்கின. 1935 ஜூலை 23 அன்று செனட் மண்டபத்துக்குள்ளேயே துப்பாக்கி வெடித்தது. செத்தது தெ லா தொர்ரேயின் சகா என்சோ போர்டாபெஹேரே.

இந்தத் துப்பாக்கியும் பிரிட்டிஷ்காரன் கையில் இல்லை. இந்த வகை ஆதிக்கத்தின் வசதி அதுதான். பழி உள்ளூர்க்காரன் தலையில் விழும், லாபப் பங்கு மட்டும் லண்டனுக்குப் போகும். "வெள்ளையனே வெளியேறு" என்று யாரைப் பார்த்துச் சொல்வது?

1948-இல் ஜனாதிபதி பெரோன் ரயில்களை நாட்டுடைமை ஆக்கினார். ஊரே கொண்டாடியது. விலை 15 கோடி பவுன். உலகப் போரின்போது இறைச்சி விற்ற பணம், எடுக்க முடியாமல் லண்டனில் முடங்கிக் கிடந்தது. அந்தப் பாக்கியில் ஒரு பகுதியையும் விலையில் கழித்துக்கொண்டு, தேய்ந்துபோன தண்டவாளங்களையும் கிழட்டு எஞ்சின்களையும் தள்ளிவிட்டது பிரிட்டன். வியாபாரம் தெரிந்தவர்கள்.